ஏழாவது வரி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரப் புடைவைக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்துதான் வரதராசாவின் மரண அறிவித்தல் இணையத்தளம் நடக்கிறது. இறந்தவரின் சொந்தபந்தங்களை உள்ளே கொடுத்தால் போதும். 'அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மைத்துனியும் ஆவார்' என்று நிமிடத்தில் கோத்துத் தரும் கணினி நிரலை எழுதியவன் அபிஷன். வடக்கே அக்கராயனில் வயல்காரர் வீட்டில் பிறந்து, அந்தப் பரம்பரையிலேயே முதலில் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தைச் சட்டைப்பைப் பேனா மாதிரி எல்லாருக்கும் தெரியத்தான் கொண்டு திரிந்தான்.

நிரல் சில நாட்களில் படுத்துவிடும். இன்ன இடத்தில் பிழை என்று சொல்லி நின்றாலும் பரவாயில்லை. நிரலை வரி வரியாக வாசித்து இயக்குகிற இன்டர்பிரிட்டரே மூச்சுக் காட்டாமல் விழுந்து போகும். அந்த நாட்களில் அறிவித்தலைக் கையால் எழுதி முடிப்பவள் டில்ஷானி. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஏ.எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, ஆறு மாதப் பரீட்சார்த்தத்தில் டைப் பண்ண வந்தவள்.

ஒருநாள் அவள் ஒரு கொப்பியோடு வந்து நின்றாள்.

“அண்ணா, எந்தெந்த வீட்டு அறிவித்தலுக்கு விழுதோ, அந்த வீடெல்லாத்தையும் எழுதி வச்சேன். பதினொரு வீடு. பதினொண்டிலயும் மாத்துச் சம்பந்தம்.”

ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் மாறிக் கட்டுவது வடக்கில் புதினமில்லை. அபிஷன் நிமிரவேயில்லை.

“அதுக்கு?”

“அண்ணன்ட வீட்டால போய், தங்கச்சிட வீட்டால திரும்பி, பழையபடி அண்ணனிட்டயே வருது போல. சுத்திக்கொண்டே இருக்கு.”

“கொட்டாஞ்சேனையில இருந்துகொண்டு எனக்கு யாழ்ப்பாணத்துச் சம்பந்தம் படிப்பிக்கிறீரோ? இது இன்டர்பிரிட்டர் கிராஷ். நான் நாலு வருஷம் கம்பஸில படிச்ச விசயம்.”

“சரி, நீங்க படிச்சவங்க தானே” என்று அவள் கொப்பியை மூடினாள்.

அடுத்த கிழமை கனகேஸ்வரி என்றொரு அம்மா காலமானார். இரண்டு தரம் நிரல் விழுந்து, அறிவித்தல் வெளிவந்தபோது தகனம் முடிந்துவிட்டது. கனடாவில் இருந்த பிள்ளைகள் வரதராசாவைப் போனிலேயே உரித்தெடுத்தார்கள். அவர் அபிஷனைக் கூப்பிட்டார்.

“என்ன ஐசே இது?”

“இன்டர்பிரிட்டர்ட பிழை சேர். வெளிநாட்டுக்காரர் செய்தது. நான் அவைக்கு அறிவிக்கிறன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “டேற்றாவும் சுத்தமில்லை. டைப் பண்ணேக்க கொஞ்சம் கவனக்குறைவு.”

அது உண்மையா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே வாயில் வந்தது. மாதக் கடைசியில் டில்ஷானியை வரவேண்டாம் என்றார்கள். அவள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அபிஷன் இன்டர்பிரிட்டரைச் செய்தவர்களின் பொதுப்பக்கத்தில் முறைப்பாடு போட்டான். தலைப்பில் 'பாரதூரமான பிழை' என்று போட்டு, கீழே பெயரும் பட்டமும், பட்டம் சிறப்புப் பட்டம் என்பதும். அதைப் படமெடுத்து முகநூலிலும் ஏற்றினான். ஊர் விளையாட்டுக் கழகம் அதைத் தூக்கிக்கொண்டது. 'உலகக் கணினி மொழியில் பிழை கண்ட எம் மண்ணின் மைந்தன்' என்ற வரிகள், நடுவில் அவனுடைய பட்டமளிப்புப் படம்.

அப்பா போன் எடுத்தார். “தம்பி, சந்தியில எல்லாரும் கேக்கினம். என்ன பிழையடா கண்டுபிடிச்சனி?”

“சொன்னா விளங்காதப்பா.”

மூன்றாம் நாள் முறைப்பாட்டுக்குப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். இன்டர்பிரிட்டரை விழுத்தக்கூடிய ஆகச் சிறிய தரவை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அபிஷன் கனகேஸ்வரி அம்மாவின் இருநூற்றுப் பதினான்கு உறவினரில் பாதியை வெட்டினான். விழுந்தது. திரும்பப் பாதி. விழுந்தது. பின்னேரத் தேத்தண்ணி வரும்போது நான்கு பெயர்தான் மிச்சம். டைப்பிங் பிழை என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக, அந்த நால்வரையும் எடுத்துவிட்டுத் தனக்குப் பிசகவே பிசகாத நான்கு பெயர்களைத் தானே அடித்தான். அப்பா, அம்மா, மாமா, மாமி. அம்மாவின் தமையன்தான் அப்பாவின் தங்கச்சியைக் கட்டியவர்.

விழுந்தது.

டில்ஷானியின் கொப்பியில் இனிச் சேரவேண்டிய வீடு அவனுடைய வீடு. அவளுடைய டைப்பிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அந்த நேரமே விளங்கிவிட்டது. ஆனாலும் பிழை இன்டர்பிரிட்டரில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நப்பாசை. பெயர்களை மாற்றி அனுப்பினான்.

காலையில் பதில் இருந்தது. 'உங்கள் கோப்பின் ஏழாவது வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். என்ன சொல்கிறது?'

ஏழாவது வரி அவன் போன வருடம் எழுதியது. ஒரு வேலை தன்னைத்தானே ஆயிரம் தடவைக்கு மேல் கூப்பிட்டால் இன்டர்பிரிட்டர் தடுத்து நிறுத்திக் காரணம் சொல்லும். அப்படி ஒருநாள் நின்றபோது, ஏன் என்று பார்க்க அவனுக்குப் பொறுமையில்லை. அந்த ஆயிரத்தை ஒரு கோடியாக்கிவிட்டான்.

வரியை எடுத்துவிட்டு ஓட்டினான். இன்டர்பிரிட்டர் விழவில்லை. இந்த இடத்தில், இதே ஆட்களை, திரும்பத் திரும்பச் சுற்றுகிறாய் என்று ஆறுதலாக எழுதிக் காட்டியது. டில்ஷானி கொப்பியோடு நின்று சொன்ன அதே இடம். இன்டர்பிரிட்டர் வருடம் முழுக்க இதைச் சொல்லத் தயாராய்த்தான் இருந்திருக்கிறது. வாயைப் பொத்தியவன் அவன்.

முறைப்பாட்டை அழிக்கப் பார்த்தான். அழிக்க வழியில்லை. தலைப்பும் பட்டமும் உலகம் உள்ளளவும் அங்கேயே கிடக்கும். அதன்கீழ் எழுதினான்: 'பிழை என்னுடையது. என்னோடு வேலை செய்த டில்ஷானி இதை முன்னமே சொன்னார். நான் கேட்கவில்லை.'

பிறகு வரதராசாவின் அறைக்குள் போனான்.

“சேர், டில்ஷானியில பிழை இல்லை. என்னில.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப வெளிநாட்டுக்காரர்?”

“அவையிலயும் இல்லை.”

“அப்ப நான் கனடாப் பெடியளிட்ட வாங்கிக் கட்டினது?”

“எனக்கு வரவேண்டியது சேர்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். அவர் ஏசியிருந்தால் நல்லது என்று அபிஷனுக்கு இருந்தது. “அந்தப் பிள்ளைக்குப் போன் அடிச்சு வரச்சொல்லும்.”

“நேர போய்ச் சொல்லுறன்.”

பஸ்ஸில் நின்றபடி விளையாட்டுக் கழகத்துக்குச் செய்தி அனுப்பினான்: 'பிழை என்னுடையதுதான். தயவுசெய்து பதிவை எடுங்கோ.' கொள்ளுப்பிட்டி வரமுன் பதில் வந்தது: 'இந்தத் தன்னடக்கம்தான் உன்னை உயர்த்தும் மச்சான்.' பதிவை எடுக்கவில்லை. அவன் எழுதியதையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் டில்ஷானி வாசலிலேயே மறித்துக் கேட்டாள். முழுவதையும் கேட்டாள்.

“எனக்குச் சொல்லத் தேவையில்ல அண்ணா. எனக்குத் தெரியும் தானே. டடாக்குச் சொல்லுங்க. மகள் கவனமில்லாம டைப் பண்ணினதால நிப்பாட்டினாங்க எண்டுதான் அவருக்குத் தெரியும்.”

அவளுடைய அப்பா வலன்ரைனுக்குத் துறைமுகத்தில் வேலை. சாரமும் பெனியனுமாகக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார். இருக்கச் சொல்லியும் அபிஷன் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னான். அவள் சரியாகத்தான் செய்தாள், சொன்னதும் சரி, நான் கேட்காமல் அவள் தலையில் போட்டேன் என்று.

வலன்ரைன் தலையாட்டினார். “தம்பி பெரிய படிப்பு எண்டு மகள் சொன்னா. என்ன படிச்சீங்க?”

அவர் குத்திக் கேட்கவில்லை. சும்மா, வந்த பிள்ளையை விசாரிக்கும் கேள்விதான். ஊரில், பஸ்ஸில், கலியாண வீட்டில் யாராவது கேட்கமாட்டார்களா என்று அபிஷன் காத்திருந்து பதில் சொல்லும் கேள்வி.

“கொம்பியூட்டர் அங்கிள்” என்றான். அவ்வளவுதான் வந்தது.

வாசல்வரை வந்த டில்ஷானி சொன்னாள்: “நாளைக்கு வாறேன். ஆனா அந்த லைனை நான்தான் அழிப்பேன்.”

“நான் அழிச்சிட்டனே.”

“அப்ப திரும்பப் போட்டு வைங்க.”

மறுநாள் ஒருவரும் வரமுன் அபிஷன் போய், ஏழாவது வரியை இருந்தபடியே திரும்ப எழுதினான். எட்டரைக்கு அவள் வந்து அவனுடைய கதிரையில் இருந்தாள். அவன் பின்னால் நின்றான். அவள் விரலைத் திரையில் வைத்துச் சைபர்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“ஒரு கோடியா அண்ணா?”

“ஓம்.”

“ஐயோ ஆண்டவரே” என்றுவிட்டு அழித்தாள்.