பழைய டிஸ்க்கில் இருந்த குரல்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறவனுக்கு ஓய்வே கிடையாது. அங்கே அவன் என்ன வேலை பார்த்தாலும் சரி, இங்கே வந்துவிட்டால் டிவியும் போனும் திருத்தத் தெரிந்தவன். என் தம்பி உடுப்புக் கடையில் பில் போடுகிறவன். போன தீபாவளிக்கு வந்தபோது லயத்து வீடுகளின் சாமானில் பாதி அவன் முன்னால் வந்து குவிந்துவிட்டது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது, அதையும் பார்த்துவிடு என்றேன்.

அவர் வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறார். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போனபோது, "வீட்டுல ஓய்வா இருங்க சேர்" என்று சொல்லாதவர்கள் இல்லை. அவர் கேட்கவில்லை. திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கினோம். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் லைசன்ஸ். அன்றிலிருந்து வினாத்தாளெல்லாம் அவரே தட்டுகிறார். ஒரு வரி வாசித்துக் காட்டு என்று யாரிடமும் கேட்டதில்லை. அந்தக் குரல் பேசும்போது நான் குறுக்கே வாயைத் திறந்தால் மட்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிற கங்காணி மாதிரி கையைத் தூக்கி நிறுத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி கொழும்புக்குத் திரும்புகிற அன்று காலையில், அவர் பள்ளிக்கூடம் போன பிறகு, கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் பூட்டினான். பழையதில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அதற்கு மாற்றினான். கல்யாணப் படங்களைத் திறந்து பார்த்தான், வினாத்தாள்களைத் திறந்து பார்த்தான். எல்லாம் இருந்தன. கண்ணுள்ளவன் கண்ணால்தானே சரிபார்ப்பான். பழைய டிஸ்க்கைப் பிறகு அழித்து வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலேறினான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் கம்ப்யூட்டரைப் போட்டார். சத்தமே இல்லை.

"ஸ்பீக்கர் வயர் கழண்டிருக்கா பாரு."

வயர் சரியாகத்தான் இருந்தது. திரையில்தான் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் நின்றது. இது அனுமதியில்லாத பிரதி என்று அதில் எழுதியிருந்தது. குரல் நின்றுவிட்ட செய்தியைக் கண் தெரியாத மனிதருக்கு எழுத்தில் போட்டுக் காட்டுகிறார்கள்! அதைச் செய்த புத்திசாலி கையில் கிடைத்தால் நாலு கேட்டிருப்பேன்.

வாசித்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"காசு குடுத்துத்தானே வாங்குனோம்? என்னைய களவெடுத்தவன்னுல்ல சொல்லுது."

மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வினாத்தாள் பாதியில் கிடந்தது. தம்பிக்குப் போன் அடித்தேன், எடுபடவில்லை. ரயில் சுரங்கப்பாதைக்குள் போயிருக்கும். விடாமல் அடித்ததில் வட்டவளை ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது பிடித்துவிட்டேன்.

"அக்கா, லைசன்ஸுன்னு ஒரு ஃபைலை அது கண்ணுக்குப் படாத எடத்துல மறைச்சு வச்சிருக்கும். அதையும் சேத்துத்தான் கொப்பி பண்ணியிருக்கேன். ஆனா அதுக்குள்ள பழைய டிஸ்க் நம்பர்தான் இருக்கும். புதுசோட நம்பர் வேற. அதான் களவுக் கொப்பின்னு நெனைக்குது. கம்பெனிக்கு எழுதிப் போட்டா சரி பண்ணுவாங்க, ஆனா நாளாகும்."

"நாளைக்கே வேணும்டா. பாதி பேப்பர் கெடக்கு."

"மச்சான் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. கீபோர்டுல கைய வச்சபடி ஒக்காந்திருக்காங்க."

ரயில் புறப்படுகிற விசில் கேட்டது. பிறகு, "எறங்கிட்டேன்க்கா, பஸ்ஸுல வாறேன்" என்றான்.

அவன் வந்து சேரும்வரை வினாத்தாளை நானே வாசித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவர், "கொஞ்சம் திருப்பி வாசிக்கிறியா?" என்று கேட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடம் இவ்வளவு பணிவாகப் பேசியதே இல்லை. அந்தக் "கொஞ்சம்" என்னைக் கொன்றது. நாலாவது வினாவுக்கு வந்தபோது, "போதும், ஒனக்கு வேலை இருக்கும்" என்று எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். இனி வீட்டோடு இருந்துவிடலாம் என்று நினைக்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவும் தைரியம் இல்லை.

இருட்டுகிற நேரத்தில் தம்பி தொப்பலாக நனைந்து வந்தான். தலையைக்கூடத் துவட்டாமல் பழைய டிஸ்க்கை எடுத்துப் பூட்டினான். கம்ப்யூட்டர் அதே ஆமை வேகத்தில் உயிர் பெற்றது. அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"வினா நான்கு" என்றது குரல்.

"என்னங்க, தம்பி நனைஞ்சு போயிருக்கான், அவன…" என்று ஆரம்பித்தேன்.

கை மேலே எழுந்தது.

வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றும்போதுதான் கவனித்தேன், நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.