இடுப்புக்கு மேலே

கணினியில் மனித உடம்பு செய்யும் நாங்கள் பாதி உடம்பைத்தான் செய்வோம். வலது பக்கத்தை ஒழுங்காகச் செய்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், இடது பக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுக் கம்பனிகளுக்காக எத்தனையோ பேரை இப்படிச் செய்து அனுப்பியிருக்கிறேன். என்னை நானே செய்தபோதுதான் வில்லங்கம் வந்தது. எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

ஒரு கண்காட்சிக்கு 'என் உடம்பு' என்ற தலைப்பில் இரண்டு நிமிட அனிமேஷன் படம் கேட்டிருந்தார்கள். ஓர்ஸ் ஹில்லில் நானும் அம்மாவும் இருக்கும் வாடகை வீட்டின் முன்னறையில் இருந்து வேலை செய்தபோது, பழக்கதோஷத்தில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டேன். ஒன்பது வயதில் ஈச்சிலம்பற்றில் சண்டையின்போது ஷெல் பட்டுப் போன கால், ஒரு நொடியில் திரும்பி வந்து நின்றது. விரல், நகம், கணுக்கால் எல்லாம் சரியாக இருந்தன. அழிக்க மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், இரண்டு நாள் திரையில் அவளை விதம்விதமாக நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் கொண்டுவந்த அம்மாவும் திரையைப் பார்த்தார்.

"வடிவாய் நடக்கிறாள். ஆர் பிள்ளை இது?"

"நான்தான் அம்மா."

அவர் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார்.

பெற்றவருக்கே அடையாளம் தெரியாத உடம்பை என்னுடையதென்று எப்படி அனுப்புவது? அன்றே அந்தக் காலை அழித்தேன். இனி என் நடை வேண்டும். யாராவது நடப்பதைப் படம்பிடித்து, கால் தரையில் படும் இடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நடையைச் செய்வோம். பொய்க்காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலுடன் நடக்கிறேன், போனில் எடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். நான் பொய்க்காலைக் கழற்றும்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுபவர் அவர். ஆனாலும் ஓம் என்றார்.

விறாந்தையில் ஐந்து தரம் போய் வந்தேன். வியர்த்து ஊற்றியது. கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்தால், ஐந்திலும் என் முகமும் தோளும்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றையும் அம்மா எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காலைத்தானே எடுக்கச் சொன்னனான்? முகத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"ஏலாது பிள்ளை." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்கு ஷெல்லுக்குப் பயந்து எல்லாரும் ஓடேக்கை, செருப்பை விட்டிட்டு வந்திட்டாய், போய் எடுத்துக்கொண்டு வா எண்டு உன்னைத் திருப்பி அனுப்பினது நான்தான்."

எனக்கு அது தெரியாது. செருப்புக்காகத் திரும்பி ஓடியது நினைவிருக்கிறது, யார் அனுப்பியதென்று நினைவில்லை. என் பிடிவாதத்தால் போன கால் என்றுதான் இத்தனை வருடமும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன்.

தேறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாள் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு நானே நடந்தேன். படத்தை முடித்து அனுப்பினேன். அதில் வருபவள் என்னைப் போலவே நடக்கிறாள். அம்மா பார்க்கக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

இப்போதும் நான் பொய்க்காலைக் கழற்றத் தொடங்கினால் அம்மா எழுந்து குசினிக்குப் போகிறார். முன்பெல்லாம் அருவருப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது காரணம் தெரியும். "இருங்கோ அம்மா" என்று ஒரு சொல் சொன்னால் இருந்துவிடுவார். நான் சொல்வதில்லை.