கிடாயின் சம்மதம்

பாரிசவாதத்தில் பேச்சிழந்த அப்பாவைக் கிணற்றடியில் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். செவிக்குள் தண்ணீர் போய்விட்டது. தலையைப் படாரென்று உதறினார். நான் வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

என் சின்ன வயதில் எங்கள் வைரவர் கோயிலில் கிடாய் வெட்டி வேள்வி நடக்கும். நேர்ந்துவிட்ட கிடாய்க்கு அப்பா பலாக்குழை ஒடித்துப் போடுவார், பிண்ணாக்குக் கரைத்து வைப்பார், தன் துவாயாலேயே துடைத்துவிடுவார். எங்களுக்கு ஒருநாளும் ஒரு வாய் சோறு ஊட்டியவரில்லை.

வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உதறினால் அது சம்மதம். ஒருமுறை எங்கள் கிடாய் உதறவில்லை. திரும்பத் திரும்பத் தெளித்தும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சனம் முணுமுணுத்தது. அப்பா குனிந்து, தடவுவதுபோல, அதன் செவிக்குள் தண்ணீரை ஊற்றினார். அது துடித்து உதறியது.

"உத்தரவு தந்திட்டுது!" என்று முதலில் கத்தியவர் என் அண்ணை. சனம் அரோகரா போட்டது. கத்தி இறங்கியது.

இப்போது கோயிலில் வெட்டத் தடை. கிடாய்கள் நெற்றிப் பொட்டோடு இறைச்சிக்கடைக்குப் போகின்றன. அங்கே யாரும் தண்ணீர் தெளித்துக் கேட்பதில்லை.

அண்ணை கனடாவில் இருக்கிறார். அப்பாவை முதியோர் இல்லத்தில் விடவேண்டுமாம். ஆனால் அவரைக் கேட்காமல் விட்டால் பாவமாம். நான் துவட்டி முடிக்குமுன் அண்ணையின் அழைப்பு வந்தது.

"அப்பாட்டைக் கேட்டனியே? ஓமெண்டவரோ?"

"செவிக்குள்ளை தண்ணி விட்டனான் அண்ணை. தலையை உதறினவர். உத்தரவுக்கு அது காணுமோ?"