மூன்றாவது மனு

திண்டுக்கல் கோர்ட்டில் நான் பல வருடமாகக் கிரிமினல் வழக்குகள்தான் பார்க்கிறேன். ஆட்கொணர்வு மனு பற்றி ஜூனியர்கள் கேட்டால், ஜெயித்த வழக்குகளை விட்டுவிட்டு காஜாவின் வழக்கைத்தான் சொல்வேன்.

1. ஒரே நாளில் இரண்டு பேர்

காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குவதில் தகராறு. ஒருவருக்கு மண்டை உடைந்தது. கன்னிவாடியிலிருந்து தக்காளி ஏற்றிவந்த வேன் டிரைவர் முத்துப்பாண்டியையும், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அவனுடைய சிநேகிதன் காஜாவையும் போலீஸ் பிடித்தது. ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே இருவர் மீதும் குண்டர் சட்டம் பாய்ந்தது. அதில் தண்டனை என்று எதுவும் இல்லாமலே ஒரு வருடம் உள்ளே வைக்கலாம். வெளியே வர ஒரே வழி, ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டு அந்த உத்தரவில் உள்ள குறையைக் காட்டுவதுதான். எங்கள் பேச்சில் அதற்கு ஹெச்.சி.பி. என்று பெயர்.

முத்துப்பாண்டியின் மனைவி என்னிடம் வந்தார். "குண்டாஸ் போட்டது உங்களுக்கு யார் சொல்லித் தெரியும்?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலைம்மா. ஜெயில்ல மனு எழுதிக் குடுத்து அவரப் பாக்கப் போனப்ப அவருதான் சொன்னாரு. அதுவரைக்கும் ஜாமீன் கெடைச்சிரும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

உத்தரவு போட்டால் குடும்பத்துக்கு உடனே தகவல் தர வேண்டும். தரவில்லை. அந்த ஒரு பாயின்ட்டை வைத்து நான் போட்ட ஹெச்.சி.பி.யில் உத்தரவு ரத்தானது. சில மாதத்திலேயே முத்துப்பாண்டி வெளியே வந்து வேன் எடுத்துவிட்டான்.

அதைக் கேள்விப்பட்டு காஜாவின் அக்கா நூர்ஜஹான் வந்தார்.

"வக்கீலம்மா, ரெண்டு பேரையும் ஒரே ஸ்டேஷன்லதான் புடிச்சாக. ஒரே நாள்லதான் குண்டாஸ் போட்டாக. எங்களுக்கும் ஒருத்தரும் தாக்கல் சொல்லலை. அந்தப் புள்ள வெளிய வந்துருச்சு. எந் தம்பி மட்டும் என்னத்துக்கு உள்ள கெடக்கான்?"

2. ஏற்கெனவே போட்ட மனுக்கள்

காஜாவுக்கு வேறொரு வக்கீல் முன்பே ஹெச்.சி.பி. போட்டிருந்தார். எல்லாக் குண்டாஸ் மனுவுக்கும் ஒரே டிராஃப்ட் வைத்திருப்பவர். பெயரையும் ஊரையும் மாற்றுவார், அவ்வளவுதான். நூர்ஜஹானிடம் கையெழுத்து வாங்கினாரே தவிர, ஒரு கேள்வி கேட்கவில்லை. கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் என்று அதில் காரணம் எழுதியிருந்தது. தாமதமே நடக்கவில்லை. மனு தள்ளுபடி.

பொறுக்க முடியாமல் காஜா ஜெயிலிலிருந்து தானே தபாலில் ஒரு மனு அனுப்பினான். பக்கத்து செல்காரர் பழைய மனுவைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. அதே காரணம் என்பதால் அதுவும் தள்ளுபடி.

அதே காரணத்தோடு ஒரு கைதி திரும்பத் திரும்ப வந்தால் கோர்ட் கேட்காது. புதுக் காரணம் இருந்தால் மறுபடியும் வரலாம். ஆனால் அது புதுசுதான் என்று முதலில் கோர்ட்டை நம்பவைக்க வேண்டும். அதற்கே எவ்வளவு நாள் போகும் என்று புத்தகத்தில் போட்டிருக்காது.

3. நம்பர் ஆகாத மனு

"மேடம், ஒரே ஆளுக்கு இது மூணாவது. எப்படி நம்பர் பண்றது?" என்று, குடும்பத்துக்குத் தகவல் தராததைக் காரணமாக்கி நான் போட்ட மனுவை வழக்கு எண் கொடுக்காமல் ஹைகோர்ட் செக்‌ஷனில் ரிட்டர்ன் செய்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். முந்தைய உத்தரவுகளின் நகல் வேண்டும் என்று மறுபடி ரிட்டர்ன். அதையும் வைத்தேன். ஒருவழியாக, இதை விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய பெஞ்ச் முன்னால் வந்தது.

மூத்த நீதிபதி கேட்டார்: "இந்தக் காரணம் முதல் மனு போடும்போதே இருந்ததுதானே? அப்ப ஏன் சொல்லலை?"

"அந்த அம்மாகிட்ட அப்ப யாரும் கேக்கலை மை லார்ட். வக்கீல் சொல்லாம விட்டதுக்காகக் கைதி உள்ளேயே இருக்கணுமா? அதே நாள்ல போட்ட இன்னொரு உத்தரவை இதே குறைக்காக இந்தக் கோர்ட்டே ரத்து பண்ணியிருக்கு."

அவர் மறுக்கவில்லை. நம்பர் கொடுக்கச் சொன்னார். வெளியே நின்றிருந்த நூர்ஜஹானிடம் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு கவுன்ட்டர் என்கிற பதில் மனு போட அரசுத் தரப்பு டைம் கேட்டது. மறுபடியும் கேட்டது. கோடை விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்து வழக்கு வந்தபோது அரசு வக்கீல் எழுந்து, "ஒரு வருஷம் முடிஞ்சிருச்சு மை லார்ட்ஸ். ஆளை ரிலீஸ் பண்ணியாச்சு" என்றார். இனி இந்த மனுவால் பலனில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

4. ஆபீசில்

அக்காவும் தம்பியும் வந்தார்கள். காஜா பாதி ஆளாகியிருந்தான். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டில் தாய் வீட்டுக்குப் போனவர், அவன் வந்த பிறகும் திரும்பவில்லை.

"ஜட்ஜய்யா என்ன சொன்னாக?" என்றார் நூர்ஜஹான்.

"காலம் முடிஞ்சதால மனுவும் முடிஞ்சதுன்னாங்க."

"அதில்லம்மா. இவன உள்ள வச்சது தப்புன்னாகளா, சரின்னாகளா?"

"ரெண்டும் சொல்லலை."

காஜா அப்போதுதான் வாயைத் திறந்தான். "முத்துப்பாண்டிக்கு ரத்துன்னு ஹைகோர்ட்டே எழுதிக் குடுத்துருக்கு. அதக் காட்டித்தான் வேன் ஓனர்ட்ட மறுபடி வேலைக்குச் சேந்தான். ஷாப்புல என்னைய, குண்டாஸ் முழுசா இருந்துட்டு வந்தவந்தானேங்கிறாக. நான் எதைக் காட்டுறது?"

பிறகு அவன் வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஜூனியர்களிடம் நான் சொல்வது இதுதான்: டிராஃப்ட்டைத் திறக்கும் முன்னால் குடும்பத்தை உட்காரவைத்துக் கேளுங்கள். எல்லாக் காரணத்தையும் முதல் மனுவிலேயே போட்டுவிடுங்கள். இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது நான். இதற்காக ஒரு வருடம் உள்ளே இருந்தது காஜா.