அழுக்குப் படாத கயிறு

அன்று லைன் ஓரத்தில் மேனேஜர் இருந்தார், சூப்பர்வைசர் இருந்தார், ஜப்பானிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் இருந்தார், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து, தரப்பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்த நானும் இருந்தேன். முதலாளி வரவில்லை. மானகிரிப் பக்கம், கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. வந்தவர் இயந்திரங்களை அதிகம் பார்க்கவில்லை. தலைக்குமேல் ஓடிய மஞ்சள் கயிற்றைத் தொட்டு, "இதில் ஏன் அழுக்கே இல்லை?" என்று கேட்டார்.

பிழையைக் கண்டவர் யாரானாலும் அந்தக் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்பது ஜப்பான்காரர்கள் முறை. எங்கள் லைனில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தவர்களோ சொந்தக்காரப் பெண்கள். இழுத்தால் முந்தைய இருக்கைக்காரியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே அவள் பிழையைத் தங்கள் கையாலேயே திருத்தி அனுப்பிவிடுவார்கள். அதில் கைதேர்ந்தவர் மதனி. முந்தைய இருக்கையில் இருந்த நாத்தனார் அப்படிக் கூப்பிடப்போய், லைன் முழுவதற்கும் அவர் மதனி ஆகிவிட்டார். "உங்க அண்ணனுக்கு ஆக்கிப்போடுறது பத்தாதுன்னு உன் ஒயரையும் நாந்தேன் திருத்தணுமாக்கும்" என்று சீண்டிக்கொண்டே திருத்துவார்.

ஆய்வாளரின் கேள்விக்கு மேனேஜர் கண்ட விடை, தினமும் ரெண்டு தடவை கயிற்றை இழுக்க வேண்டும் என்ற உத்தரவு. காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி என்று முறைவைத்து, ஒன்றுமில்லாததற்கு இழுத்தார்கள். கயிறு அழுக்கானது. மேனேஜர் அதைப் படமெடுத்து ஜப்பானுக்கு அனுப்பினார்.

ஒருநாள் சாயங்காலம், ஒயரின் மேலுறையை மட்டும் உரிக்க வேண்டிய நாத்தனாரின் இயந்திரம் உள்ளிருக்கும் செம்புக்கம்பியையே நறுக்கத் தொடங்கியது. கையால் திருத்த முடியாத பிழை. மதனி கயிற்றை இழுத்தார். லைன் நின்றது.

நாத்தனார் முகம் செத்துப்போனது. "இத்தனை பேரு முன்னாடி என்னைய நிப்பாட்டிட்டீகளே மதனி."

சூப்பர்வைசர் வேகமாக வந்தார். "இன்னைக்கு ரெண்டும்தேன் முடிஞ்சுபோச்சுல்ல? மூணாவது எதுக்குத்தா இழுத்த?"

"கம்பி அறுந்து வருது சார். வந்து பாருங்க."

"லாரி நிக்குது. ஓட்டுத்தா."

அவர் பார்க்கவில்லை. லைன் ஓடியது. அதுவரை ஒரே பேருந்தில் ஒட்டி உட்கார்ந்து வந்த அந்த இருவரும் அன்றிலிருந்து வேறுவேறு பேருந்தில் போனார்கள்.

இப்போது நான் சென்னைப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். இங்கே யாராவது கயிற்றை இழுத்தால் மேலாளர் ஓடிவந்து முதலில் நன்றி சொல்கிறார். அந்த ஒரு சொல் மதனிக்குக் கிடைக்கவில்லை. அன்று அந்த லாரியில் போன சரக்கு முழுவதும் திரும்பி வந்தது, ஆர்டர் போனது, லைனை மூடினார்கள். மதனியையும் நாத்தனாரையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேருக்கு வேலை போயிற்று.