இரண்டு சோற்று உருண்டை

கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போனபோது மகள் தன் லக்கா புறாவை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு திரியும் வெள்ளைப் புறா. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான். வீடெல்லாம் எச்சம், பொழுதெல்லாம் குமுறல். ஆனால் இரண்டு வருஷத்தில் அது என் குரலுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நானும் அதை வாய் ஓயாமல் திட்டித் திட்டியே பழகிவிட்டேன். கோட்டக்குப்பம் வீட்டில் பேச்சுத் துணைக்கு வேறு யார் இருந்தார்கள்? மகள் வீடியோ காலில் வந்தால் முதலில் கூண்டைத்தான் காட்டச் சொல்வாள். அந்த மாதக் கடைசியில் லீவில் வர டிக்கெட்டும் போட்டிருந்தாள்.

அன்று காலை சோளம் போடக் குனிந்தபோது முக்காட்டில் குத்தியிருந்த பின் கழன்று தட்டில் விழுந்தது. தலையில் வெள்ளை முத்து வைத்த குட்டைப் பின். கையை நீட்டுவதற்குள் புறா அதையும் சோளமென்று நினைத்து விழுங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் குறைவு. தொண்டையில் முள் சிக்கினால் யாரும் பதறமாட்டோம். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினால் முள் இறங்கிவிடும். மகளுக்கே எத்தனையோ முறை கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்தப் புத்திதான் வந்தது. அலகைப் பிரித்து இரண்டு உருண்டைகளைத் தள்ளி, கழுத்தைக் கீழ்நோக்கி நீவிவிட்டேன். அப்பாடா என்றுகூட இருந்தது. மத்தியானம் பார்த்தால் புறா உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நின்றது.

பறவைக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் திண்டிவனத்தில் இருக்கிறார் என்றார்கள். அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். கிளியனூர் தாண்டும்வரை டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தேன்.

"ஒரு புறாவுக்கா இம்மாம் பேஜாரு?" என்றார் அவர்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "முழுங்கினதுக்கு அப்புறம் வாயில ஏதாச்சும் போட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். பச்சத் தண்ணி கூட குடுக்கல."

ஊரில் யார் தப்புச் செய்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறவள் நான். அவர் முன்னால் முட்டாளாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"கழுத்துக்குக் கீழ தீனி தங்கற பை இருக்குதுங்க. அதுலயே இருந்திருந்தா லேசா கீறி எடுத்திருப்பேன். இது அடியில, தீனி அரைக்கிற பைக்குப் போய்க் குத்திக்கினு இருக்குது. எப்படி இவ்ளோ ஜல்தியா எறங்குச்சுன்னு புரியல. வயித்தத் தொறந்துதான் எடுக்கணும். பொழைக்கறது கஷ்டம்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். வெகுநேரம் கழித்து அவர் ஒரு தட்டோடு வெளியே வந்தார்.

"பின்ன எடுத்துட்டேன்மா. உயிரு நிக்கல."

தட்டில் பின் இருந்தது. முத்தில் பாதி கரைந்த ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீடு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். பின் விழுந்ததைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னேன். அவள் முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு முள்ளு சிக்கினா சோத்த உருட்டிக் குடுப்பியேம்மா. அதுக்கும் ரெண்டு உருண்ட குடுத்துப் பாத்திருக்கலாம்ல? எறங்கியிருக்கும்ல?"

"எனக்குத் தோணாம போச்சும்மா," என்றேன்.