மாசமா இருக்கற வூட்ல கடப்பாரை வைக்காதீங்க

குழாய் வேலைக்காரனை யாரும் நல்ல சேதி சொல்லக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வரவில்லை என்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கவில்லை என்பார்கள். உங்கள் தெருவையும் யாராவது ஒருமுறை தோண்டிப் போட்டிருப்பார்கள். வண்டியை எடுக்க வழியில்லாமல் நின்று, தோண்டியவனை மனதாரத் திட்டியிருப்பீர்கள். அந்தத் தோண்டியவன் நான்தான். நீங்கள் மேட்டில் நின்று அவதிப்பட்டீர்கள், நான் பள்ளத்தில் நின்று அவதிப்பட்டேன். அந்த உறவில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பழைய தெருவில் ஈயக் குழாய் எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்து, அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடும் வேலை. ரசச் சொம்பு ஈயம் இல்லை இது. மீன் வலையில் குண்டாகக் கட்டுகிறார்களே, பேட்டரிக்குள் இருக்கிறதே, அந்தக் காரீயம். தெருவில் ஓடும் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் இழுக்க ஒரு காலத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதற்குள் நிற்க நிற்க ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறங்கும். ருசி மாறாது, நிறம் மாறாது, வாடையும் வராது. பெரியவர்களுக்கே ஆகாது என்றால், வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் நேராக மூளையில் கை வைக்கும். இதை நான் விளக்கினால் எல்லோரும் அக்கறையாகத் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு, அதே குழாயில் ஒரு சொம்பு பிடித்து, வெயிலில் நிற்கிறானே என்று எனக்குக் குடிக்கக் கொடுப்பார்கள்.

சாவி

ஈயக் குழாயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேலே படிந்த அழுக்கை என் வண்டிச் சாவியால் ஒரு கீறு கீறினால் போதும், உள்ளே பளிச்சென்று மின்னும். இரும்பாக இருந்தால் சாவி வழுக்கும், காந்தம் ஒட்டும். ஈயத்தில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்துவிடும்.

தெருவின் முதல் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். நான் கீறிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக வெள்ளிக் குழாயிலா தண்ணீர் குடித்தோம் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளி இல்லை ஐயா, விஷம் என்றேன். அவர் கோபப்படவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கப்பாரு இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுத்தான் தொண்ணூறு வயசுல பெண்ணாடத்துக்கு சைக்கிள்ல போயிட்டு வந்தாரு. நீ என்னா தண்ணிப்பா குடிக்கற?"

வாசல் டைல்ஸ்

அதே வரிசையில் தனபால் அண்ணன் வீடு. இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த வீட்டையே சுற்றும், ஏனென்றால் என் தூக்கம் போனது இங்கேதான். அண்ணன் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை செய்கிறவர். வீட்டில் அவரும் சரோஜா அக்காவும் மட்டும். ஒரே பெண் கலைவாணியைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

சாவியைப் போட்டதும் தெரிந்துவிட்டது, ஈயம். குழாய் கேட்டிலிருந்து வாசலுக்கு அடியில் ஓடி அடுப்படிக்குப் போகிறது. வாசல் முழுக்க நீலப்பூப் போட்ட டைல்ஸ். லீவு நாட்களில் அண்ணன் தன் கையாலேயே ஒட்டியது. அதில் நான்கைந்தையாவது பெயர்க்க வேண்டும் என்றதும், என்னவோ அவர் பல்லைப் பிடுங்கக் கேட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பீங்கான்காரருக்கு ஈயத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. பீங்கான் மேல் பூசுகிற மெருகில் ஈயம் கலக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கம்பெனிச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். அதையே அவருக்கு நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

"அது சாப்பிடற தட்டுக்கு எழுதனதுப்பா. குழாய்க்கு ஒண்ணும் எழுதலியே?"

பாதிக் குழாய்

தெருப்பக்கம் எங்கள் பொறுப்பு. கேட்டுக்கு உள்ளே வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் கை வைக்கலாம். தனபால் அண்ணன் சம்மதிக்கவில்லை. அதனால் கேட்டோடு ஈயத்தை அறுத்து, தெருப்பக்கம் புதுக் குழாய் போட்டு, இரண்டையும் இணைத்தோம். பார்க்கப் புது வேலை மாதிரி இருக்கும். உண்மையில் இது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசம். அறுக்கும்போது ஆடிய ஆட்டத்தில் உள்ளே படிந்திருந்த ஈயமெல்லாம் உதிர்ந்து, இனி வரும் தண்ணீரோடு கலக்கும்.

இதை ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். அடுத்த தெருவுக்கு எப்போது போகிறாய் என்று கேட்டார். பள்ளத்தை மூடாமல் போகவும் முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழி. மண்ணைத் தள்ளி மூடும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட வேலை செய்கிற மணிமாறன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே ஆறுதல் சொன்னான்.

"நம்மளப் பொறுத்தவரைக்கும் இந்த வூடு முடிஞ்சிடுச்சுண்ணே. தண்ணிக்குத்தான் அது தெரியாது."

முதல் குடம்

இணைப்பு கசிகிறதா என்று பார்க்க ஒரு நாள் காலையில் போனேன். கை நிறைய வளையலோடு கலைவாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். திட்டக்குடியில் அவர்கள் வீடு புதுசு. ஈயம் என்ற பேச்சே அங்கே கிடையாது. நல்ல தண்ணீரை விட்டுவிட்டு இந்தத் தண்ணீருக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். சரோஜா அக்கா தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு, தேய்த்து மினுக்கிய பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் காத்திருந்தார். குழாய் கொஞ்ச நேரம் இருமிவிட்டு ஊற்றியது. முதல் குடத்தைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் ஒரு சொம்பு சாமிக்கு. மீதி மகளுக்கு மட்டும் என்று தனியாக மூடி வைத்தார். தங்களுக்கு அடுத்தடுத்த குடங்கள்.

ஈயக் குழாயில் இரண்டு நாளாக அசையாமல் ஊறிக் கிடந்த தண்ணீர் அந்த முதல் குடம்தான். இருப்பதிலேயே கெட்டது அதுதான். "அக்கா, அதக் குடுக்காதீங்க!" என்று கத்தியேவிட்டேன். அவர் பயந்து குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். ஊறிய தண்ணீர், ஈயம், பிள்ளை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

"ரெண்டு நாளா யாரு கையும் படாத தண்ணி தம்பி. மாசமா இருக்கறவளுக்கு இத வுடச் சுத்தமா நான் என்னா குடுத்துட முடியும்?"

கடப்பாரை

கலைவாணி போனில் தேடிப் படித்திருக்கிறாள். அன்று இரவு அப்பாவிடம் அழுதிருக்கிறாள். மறுநாள் தனபால் அண்ணனே என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தார். "டைல்ஸ் போனா போவுது. ஒடைப்பா" என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மணிமாறனையும் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு போனேன். நீண்ட நாள் கழித்து அன்றுதான் சந்தோஷமாக வேலைக்குக் கிளம்பினேன்.

சரோஜா அக்கா வாசலில் குறுக்கே வந்து நின்றார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் மண்ணை நோண்டக் கூடாது, இடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பிள்ளைக்கு அங்கஹீனம் வரும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மனைவி மாசமாக இருந்தபோது சுவரில் ஓர் ஆணி அடிக்க என் மாமியார் விடவில்லை, நானும் அடிக்கவில்லை. அப்படிப்பட்டவன் அந்த அம்மாவிடம் என்னவென்று வாதாடுவது? கலைவாணிதான் வாதாடினாள். "தண்ணியிலதாம்மா ஆபத்து, கடப்பாரையில இல்ல" என்றாள். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிள்ளைக்காகத்தான் நான் தோண்ட வந்தேன். பிள்ளைக்காகத்தான் அக்கா தடுத்தார்.

"மாசமா இருக்கற வூட்ல கடப்பாரை வைக்காதீங்க தம்பி. புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

உலைத் தண்ணீர்

சரி, தோண்ட வேண்டாம். குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, ஊறிய தண்ணீரெல்லாம் போனபிறகு குடிக்கப் பிடியுங்கள் என்று கெஞ்சினேன். முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் கொஞ்சமாவது குறையும். கேன் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது செத்த தண்ணீர், சளி பிடிக்கும் என்று அக்கா அதை மட்டும் ஒரேயடியாக மறுத்துவிட்டார். திறந்துவிடுவதற்குச் சம்மதித்தார். சாமி மேல் சத்தியமும் செய்தார்.

அடுத்த முறை போனபோது கண்ணாலேயே பார்த்தேன். முதல் குடத்தை மகள் பக்கமே கொண்டுபோகவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது குடத்திலிருந்துதான் குடிக்க ஊற்றிக் கொடுத்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. விடைபெறும்போது எதேச்சையாக அடுப்படியைப் பார்த்தேன். முதல் குடம் அடுப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. சோற்றுப் பானையில் பாதியளவு தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது. நான் பார்ப்பதைப் பார்த்த அக்கா பெருமையாகச் சிரித்தார்.

"குடிக்கத்தான வேணாம்னீங்க? நல்ல தண்ணியக் கீழ ஊத்த மனசு வருமா, அதான் ஒல வச்சிட்டேன்."

நல்ல நாள்

பெண் குழந்தை பிறந்தது. கையும் காலும் நன்றாக இருக்கிறது, பார்த்தீர்களா, நான் தோண்ட விடாததால்தான் என்று அக்கா எனக்குச் சர்க்கரை கொடுத்தார். இனித் தோண்டலாமா என்று கேட்டேன். தீட்டுக் கழியட்டும் என்றார். கழிந்தது. பச்சைக் குழந்தை, சத்தம் கேட்டால் திடுக்கிடும் என்றார். அதற்குள் ஆடி வந்துவிட்டது. தாய்ப்பால் போதவில்லை என்று குழந்தைக்குப் பவுடர் பால் கரைக்க ஆரம்பித்திருந்தார்கள். எந்தத் தண்ணீரில் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஐந்தாம் மாதம் திட்டக்குடியிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போனார்கள். அக்கா வரச் சொல்லியிருந்ததால் நானும் அந்த நேரம் அங்கே இருந்தேன். கலைவாணி வேனில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். அவள் தோளில் இருந்த குழந்தை என் சாவியைப் பார்த்துக் கையை நீட்டியது. "அண்ணே, இவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" என்றாள். எனக்குத் தெரியாது. இப்போது பார்த்தால் தெரியாது, பிள்ளை பள்ளிக்கூடம் போய், எழுத்துக் கூட்டும்போதோ என்னவோ தெரியும், அப்போது இந்தக் குழாய் யார் ஞாபகத்திலும் இருக்காது. ரத்தம் எடுத்து ஒரு சோதனை செய்வார்களாம், டாக்டரிடம் கேள் என்றேன். அதற்குள் வேனிலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் காதில் விழுந்தது நான் சொன்னதா, ஹாரனா என்று தெரியவில்லை.

வேன் தெரு முனை திரும்பியது. சரோஜா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுத கண்ணோடு நீலப்பூ டைல்ஸ் மேல் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே போய் வீட்டிலிருந்த கடப்பாரையைத் தானே தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"இப்ப தாராளமா நோண்டுங்க தம்பி. இனிமே இந்த வூட்ல எந்தப் புள்ள இருக்குது, பயப்படறதுக்கு?"

ஈயக் குழாயைக் கண்டுபிடிக்க ஒரு வண்டிச் சாவி போதும், அதை எடுப்பதற்குத்தான் நல்ல நாள் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த நல்ல நாளும் குடிக்கக் கூடாதவர்கள் குடித்துவிட்டுப் போனபிறகுதான் வருகிறது.